கார்த்திகைக் கடைசி நாளில் மூட்டிய அடுப்பு

1

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியின் கடிதம் வந்தது. யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து, வேறு யாரோ தபாலில் போட்டு, ஒன்றரை மாதம் அலைந்து வந்த கடிதம். மூன்று பக்கம் ஊர்ப் புதினம். நாலாம் பக்கத்தில், தாள் முடியப் போகிற இடத்தில், நெருக்கி நெருக்கி இப்படி எழுதியிருந்தாள்:

"அக்கா, நீங்கள் லண்டனில விறகு அடுப்பு எரிச்சனீங்கள் எண்டு இஞ்ச ஒராள் சொல்லித் திரியிறார். நான் அவரோட சண்டைக்குப் போயிட்டன். மண்ணெண்ணெய் இல்லாமல் நாங்கள்தான் விறகோட மாரடிக்கிறம், லண்டனில இருக்கிற என்ர அக்காவுக்கு என்ன தலைவிதி எண்டு கேட்டிட்டன். நான் சொன்னது சரிதானே?"

சரியில்லை, தங்கச்சி. அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேள். எரித்தோம். அதுவும் வண்டி போலச் சில்லு வைத்த வீட்டில் எரித்தோம். உனக்கு அனுப்பிய படங்களில் நான் வாசலில் நின்று சிரிப்பேனே, அதில் எல்லாம் என் முழங்காலுக்குக் கீழே வெட்டியிருக்கும். கீழே சில்லு தெரியும் என்பதற்காக இவர், உன் அத்தான்தான், அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தார்.

இந்தப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் பனியையும் பாதாள ரயிலையும் எழுதித் தப்பித்து வந்தவள் நான். இனித் தப்ப ஏலாது. ஊரிலேயே கதை வந்துவிட்டது. அரைகுறையாக ஒருவர் சொல்வதைவிட முழுதாக நானே சொல்லிவிடுகிறேன்.

2

எட்டு வருடம் இருக்கும். தோர்ண்டன் ஹீத்தில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். நானும் இவரும், பன்னிரண்டு வயது வாசுகியும், மூன்று வயதுச் சின்னவள் அபியும். வீட்டுக்காரர் நம்மவர்தான். "பிள்ளையள் வளருகினம், உங்களுக்கு அறை காணாது" என்று எங்களுக்காக மிகவும் கவலைப்பட்டார். கவலைப்பட்டு, மாத முடிவில் வெளியே போகச் சொன்னார்.

இவர் அப்போது சட்டன் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் வேலை. அங்கே பெற்றோல் அடிக்க வரும் ஒரு கிழ வெள்ளைக்காரர் தன்னுடைய மொபைல் ஹோமை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீளமான வீடு. ரெண்டு அறை, குசினி, முன்னுக்குச் சின்ன ஹோல். எங்கட சொந்த வீடு" என்றார். அந்தச் 'சொந்த' என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். கையில் இருந்தது, காதில் இருந்தது எல்லாம் அதற்குள் போயிற்று.

போன பிறகுதான் விளங்கியது. வீடு எங்களுடையது, அது நிற்கும் நிலம் சைட்காரருடையது. அப்படி இருபது முப்பது வீடுகள் அந்தப் புல்வெளியில் வரிசையாக நின்றன. அவர் போ என்றால் நாங்கள் வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டா போவது? எங்களுடையது பழைய வீடு, கிளப்பினால் உடைந்துவிடும், வேறு எந்த சைட்டிலும் ஏற்க மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நிலத்தை இழந்தால் வீடும் போச்சு. நான் அங்கே இருந்த நாளெல்லாம் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு எழும்பினேன், நினைத்துக்கொண்டு படுத்தேன்.

குளிர் வந்ததும் சுவர் வியர்க்கத் தொடங்கியது. காலையில் தலையணை ஈரம், அலுமாரிக்குள் சீலை ஈரம். வாசுகியின் பள்ளிக்கூடச் சப்பாத்தில் பச்சைப் பூஞ்சணம். காஸ் ஹீற்றரைப் போட்டால் சூடு வரும், கூடவே இன்னும் தண்ணீர் வடியும். சின்னவளுக்கு நெஞ்சில் கீரு கீரு என்று ஒரு சத்தம் வந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஈரம் இல்லாத சூடு வேண்டும் என்றார். அதை எந்தக் கடையில் வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

இவர்தான் அலைந்து திரிந்து ஒரு பழைய இரும்பு விறகு அடுப்பைக் கண்டுபிடித்தார். இடுப்புயரம், கண்ணாடிக் கதவு. மேலே பானை வைக்கவும் இடம் இருந்தது. குழாய்களும் சேர்த்து வந்தன. பெற்றோல் செட்டின் பின்பக்கம் உடைந்த பலகைத் தட்டுகள் மலைபோல் கிடந்தன, விறகுக்குப் பஞ்சமில்லை.

அனுமதி கேட்டு வாசுகி எழுதிக் கொடுத்தாள். சைட் ஒபிஸில் இருந்து பதில் வந்தது. வாசுகி நின்றபடியே கடிதத்தை வாசித்தாள்.

"பிக்ஸ் பண்ணலாமாம். ஆனா அவையின்ர இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சைன் பண்ணுமட்டும் லைற் பண்ணக் கூடாதாம்."

"பண்ணினால்?"

"டுவென்ரி எய்ற் டேய்ஸ் நோட்டிஸ். நாங்கள் போகோணும், அம்மா."

இவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தார். அரசாங்கக் கடிதம் என்றாலும் தனியார் கடிதம் என்றாலும் எங்கள் வீட்டில் போகும் இடம் அதுதான். குடிவரவு பற்றி வந்த ஹோம் ஒபிஸ் கடிதமும் அங்கேதான் இருந்தது.

3

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் நீர்ப்பாசன வேலையில் மேற்பார்வையாளராய் இருந்தவர். பதினெட்டு வருடம் வாய்க்கால், மதகு, குளக்கட்டு என்றே திரிந்த மனிதர். தண்ணீர் எங்கே கசியும் என்று நடந்து போகும்போதே சொல்லிவிடுவார். அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி தண்ணீர்தான். நெருப்பைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது.

அடுப்பை முன் ஹோலில் நிறுத்திவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். அடுப்போடு வந்த தாளை வாசுகி கீழே நின்று வாசித்துச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு துளி விருப்பமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தான் பங்களோவில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்த வழியால் யாராவது சிநேகிதி வந்து, தகப்பன் கூரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிடுவாளோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹோல் பெரிசா வெட்டோணுமாம். பைப்பைச் சுத்தி காப் விடோணும். வுட் தொடக் கூடாதாம்."

"எவ்வளவு?"

அவள் தன் கையை விரித்துக் காட்டினாள். கிட்டத்தட்ட ஒரு சாண்.

இவர் மேலே நின்று சிரித்தார். "ஒரு சாண் இடைவெளி விட்டால் மழை நேரா என்ர தலையில ஊத்தும். உந்தத் தாளை எழுதினவன் ஒரு மாரி கண்டிருக்க மாட்டான்."

குழாய்களில் ஒன்று மட்டும் மற்றவை போல் அல்ல. இரட்டைச் சுவர், நடுவே பஞ்சு போல ஏதோ அடைத்தது, தொடைப் பருமன். அதுதான் கூரையை ஊடுருவிப் போக வேண்டும் என்று தாளில் படம் போட்டிருந்தது. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார்: "தடிச்ச குழாய் வெளியிலதான் நிக்கோணும். மழையும் காத்தும் வெளியிலதானே. உள்ளுக்கு என்ன இருக்கு, மெல்லிசு காணும்."

நான் வாசலில் நின்று கேட்டேன்: "படத்தில வேற மாதிரியெல்லோ கிடக்கு?"

"உமக்குப் படம் விளங்குதோ?"

"விளங்கேல்லை. அதுதான் கேக்கிறன்."

"அப்ப பேசாமல் தேத்தண்ணியைப் போடும்."

போட்டேன். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இவர் மீதில்லை, என் மீது.

குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவுக்குச் சரியாகத் துளை வெட்டினார். அரத்தால் ராவி, மெல்லிய தகரக் குழாயை அதற்குள் இறக்கினார். ஒரு நூல் போகாது. அதன் மேல், கூரைக்கு வெளியே, அந்தத் தடித்த குழாயை நிறுத்தி, சுற்றிவரத் தார் பூசினார். கீழே, வீட்டுக்குள் தலைக்கு மேலுள்ள முகட்டுப் பலகையில், அழகுக்கு ஒரு வட்டத் தகடு. அடுத்த நாள் பெருமழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

4

பரிசோதகர் வரும் நாளைச் சைட் ஒபிஸ் குறித்து அனுப்பியது. நான் உடனே கலண்டரைப் பார்த்தேன். அன்று மார்கழி முதலாம் நாள்.

வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்? அந்த வீட்டுக்கு வந்தபோது அவசரத்தில் பால் காய்ச்சாமலே குடிவந்துவிட்டோம். அங்கிருந்த காஸ் அடுப்பில் கிழவர் எத்தனை வருடம் மாட்டிறைச்சி அவித்தாரோ, அதில் காய்ச்ச எனக்கு மனம் வரவில்லை. புது அடுப்பு வரட்டும், அதில் முறையாகக் காய்ச்சுவோம் என்று இருந்தேன். பால் காய்ச்சாத வீட்டில் இருப்பதால்தான் சின்னவளுக்கு நெஞ்சுச் சளி என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன். பரிசோதகர் வந்து போன பிறகு என்றால் தை பிறக்க வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளை ஈரத்தில் கிடந்து இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாய்ப் புது அடுப்பை மூட்ட வேண்டும். இரண்டும் எனக்கு ஏலாது.

"முதல் நாளே மூட்டுவம்" என்றேன். "கார்த்திகைக் கடைசி. ஒரு அரை மணித்தியாலம். பாலைக் காய்ச்சிப்போட்டு அணைச்சிடுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

ஓம், நான்தான் சொன்னேன். கடிதத்துக்குப் பயந்த இவர் முதலில் மாட்டேன் என்றார். நான் விடவில்லை. பிள்ளையின் நெஞ்சைக் காட்டினேன், கண்ணீர் விட்டேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் இவரே பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார்.

அதில் இன்னொரு கூத்து. பஞ்சாங்கத்தில் இருப்பது யாழ்ப்பாண நேரம். ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிப்பதா விடுவதா என்று இருவரும் வாதாடினோம். கழித்தால் விடியப்புறம் மூன்றேகால், இருட்டில் புகை விட்டால் அயலார் தீயணைப்புக்குப் போன் அடித்துவிடுவார்கள். கடைசியில், நாங்கள் எங்கே இருக்கிறோமோ அந்த ஊர் மணிக்கூட்டைத்தான் கிரகங்களும் பார்க்கும் என்று தீர்மானித்தோம். எட்டே முக்காலில் இருந்து ஒன்பதே கால் வரை. அரை மணித்தியாலம்.

அன்று பள்ளிக்கூடம் இருந்தது. வாசுகி எட்டரைக்கே போய்விட்டாள். சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, புதுச் சட்டியில் பால் விட்டு, அடுப்பின் மேல் ஏற்றினேன். இவர் தேங்காய் உடைத்துவிட்டுத் தீ மூட்டினார். பலகைத் துண்டுகள் காய்ந்து கிடந்தன. பற்றியதும் பறபறவென்று எரிந்தன.

ஆனால் இரும்பு சூடேற நேரம் பிடித்தது. ஒன்பது மணி ஆயிற்று. பால் சும்மா கிடக்கிறது. ஒன்பது ஐந்து. ஓரத்தில் ஒரு குமிழி.

"இன்னும் போடுங்கோ" என்றேன்.

"காணுமப்பா."

"நேரம் போகுது. நல்ல நேரத்துக்குள்ள பொங்கோணும். போடுங்கோ!"

அவர் கதவு நிறைய விறகை அடைத்து, காற்று வழியை முழுதாகத் திறந்துவிட்டார். அடுப்பு உறுமத் தொடங்கியது. குழாயின் கீழ்ப்பக்கம் மெல்ல மெல்லச் சிவந்தது. பால் எழும்பியது. ஒன்பது பத்துக்குப் பொங்கி, கிழக்குப் பக்கமாய் வழிந்து, இரும்பில் பட்டுச் சுரீர் என்றது. நான் கைகூப்பினேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்! சின்னவள்கூடக் கைதட்டினாள்.

கும்பிட்டபடி நிமிர்ந்து பார்த்தபோதுதான் முகடு தெரிந்தது. வட்டத் தகட்டைச் சுற்றி வெள்ளைப் பலகை தேத்தண்ணி நிறமாகிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த வட்டம் அகன்றது. ஓரத்தில் பூச்சு கொப்புளமாய் எழும்பியது.

"ஐயோ, இஞ்ச பாருங்கோ!"

நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் அடுப்பின் காற்றை அடைத்து, எரிகிற விறகை இடுக்கியால் வாளிக்குள் இழுத்துப் போட்டு, புல்லில் கொண்டுபோய்க் கொட்டினார். திரும்பி வந்து, கதிரையில் ஏறி, நனைத்த துவாயை முகட்டோடு சேர்த்துப் பிடித்தார். நெடுநேரம் அப்படியே கையைத் தூக்கியபடி நின்றார்.

வட்டம் அகல்வது நின்றது. புகை மணமும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தது. காய்ச்சிய பாலை நாங்கள் குடிக்கவில்லை.

5

பின்னேரம் வாசுகி வந்தாள். வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். "வாட்ஸ் தற் ஸ்மெல்?" என்றவள் முகட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இவர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெரிய தகடாய் ஒன்று வெட்டி, முந்தையதன் மேல் வைத்துத் திருகாணியால் இறுக்கினார். கருகிய வட்டம் மறைந்தது. அடுப்பின் மேல் ஒட்டியிருந்த பாலைச் சுரண்டினார். ஒரு கறை போகவில்லை, அதன் மேல் கரி பூசினார். யன்னல்களைத் திறந்துவிட்டு, சாம்பிராணி போடச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, பலகைக்கு உள்ளால என்ன நடந்தது எண்டு பாக்க வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"அணைஞ்சிட்டுது. துவாயை நான்தானே பிடிச்சனான்."

"கழட்டிப் பாப்பம்."

"கழட்டினால் தார் விடும், திரும்பப் பூசக் காயாது. விடிய ஆள் வந்திடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு அவன் சைன் வைக்கட்டும். பேந்து ஆறுதலா நான் எல்லாத்தையும் கழட்டி, படத்தில இருக்கிற மாதிரியே பூட்டுறன். சத்தியமா. இப்ப வாயைத் திறந்தீர் எண்டால் நாங்கள் நாலு பேரும் தெருவில. அது விளங்குதோ?"

விளங்கியது. எனக்கு அதைவிட நன்றாக விளங்கிய விஷயம் அந்த நாட்டில் வேறு ஒன்றும் இல்லை. மூட்டச் சொன்னவளே நான், எந்த வாயால் வாதாடுவது?

அன்றிரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் வழமைபோலப் படுத்தோம். சின்னவளுக்கு இருமல் என்று அவளை மட்டும் எங்களுடைய கட்டிலில் என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

6

பரிசோதகர் பத்து மணிக்கு வந்தார். வயதான மனிதர், மழைக்கோட்டு, கையில் தாள் பூட்டிய மட்டை. எங்களுக்கு மொழிபெயர்க்க என்று வாசுகியைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. அவள் சீருடை போட்டுக்கொண்டே சுவரோடு நின்றாள்.

அவர் வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். தடித்த குழாய் கம்பீரமாய் நின்றது. தலையாட்டிக்கொண்டு மட்டையில் ஏதோ கீறினார். உள்ளே வந்து அடுப்பின் காலடித் தகட்டை அளந்தார். சுவரில் இருந்து தூரத்தை அளந்தார். காற்றுத் துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கீறலுக்கும் இவருடைய தோள் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கியது.

முகட்டுத் தகட்டை அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார். வாசுகி தமிழில் சொன்னாள்: "தடிச்ச பைப் ரூஃபுக்குள்ளால போகுதோ எண்டு கேக்கிறார்."

இவர் நேராக அவரிடமே, "யெஸ் சேர், யெஸ்" என்றார்.

அவர் நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? சுத்தமாகச் சவரம் செய்து, கோட்டுப் போட்டு, சேர் என்று சொல்லும் மனிதரை யார்தான் நம்ப மாட்டார்? மேசையில் மட்டையை வைத்துப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

அப்போது எனக்கு ஒரு மணம் வந்தது. சாம்பிராணி இல்லை. சாம்பிராணி முதல்நாளே அடங்கிவிட்டது. சூப்பிய பனங்கொட்டையின் தும்பைத் தணலில் போட்டால் வருமே, அது மாதிரி, மிக மெல்லிசாக. இவரைப் பார்த்தேன். இவர் பேனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசுகி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது. "பிள்ளை, நேற்று நாங்கள் அடுப்பு மூட்டினனாங்கள் எண்டு அவருக்குச் சொல்லு. மேல பலகை கருகினது எண்டும் சொல்லு."

இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இஞ்சேரும்!"

"சொல்லு, பிள்ளை."

பரிசோதகர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசுகியைப் பார்த்தார். வாசுகி என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அழகான ஆங்கிலத்தில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் சொல்வது போலவே சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தாள் போலும். ரீ என்பதும் சுகர் என்பதும் எனக்கு விளங்காதா? உங்களுக்குத் தேத்தண்ணிக்கு எத்தனை சீனி என்று அம்மா கேட்கிறார் என்றாள்.

பரிசோதகர் சிரித்து, நன்றி சொல்லி, வேண்டாம் என்று தலையாட்டினார். பேனை மறுபடி தாளுக்குப் போனது.

அவளை அடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலும் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்? நாங்கள்தானே. கடிதம் வந்தால் நடுங்கி, படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பழக்கியது நாங்கள்தானே.

மேசைக்குக் கிட்டப் போய் அவருடைய தாளின் மேல் என் கையை வைத்தேன். மற்றக் கையால் முகட்டைக் காட்டினேன்.

"சேர். எஸ்டர்டே, ஃபயர். மீ ஃபயர். மில்க். தெயார் வுட் பிளாக். பிளீஸ் லுக்."

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டார். இவர் நேற்று நின்ற அதே கதிரையில் ஏறி, உள்ளங்கையை முகட்டில் வைத்தார். உடனே வெடுக்கென்று எடுத்தார்.

திருகாணிகளைக் கழற்றினார். பெரிய தகடு விழுந்தது, சின்னத் தகடு விழுந்தது. பலகை கரிக்கட்டையாய் இருந்தது. அதன் இடுக்கில் இருந்து நூல் போல் ஒரு புகை இறங்கியது. உள்ளே, கூரைக்கும் முகட்டுக்கும் நடுவில் அடைத்திருந்த தும்புப் பலகை, ஒரு பகலும் ஒரு இரவும் கண்ணுக்குத் தெரியாமல் தணலாய் ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அவர் இறங்கி, மிகவும் அமைதியாக ஒரே சொல் சொன்னார். "அவுட்." அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

7

தீயணைப்புக்காரர்கள் வந்து கூரையை வெட்டித் திறந்தார்கள். காற்றுப் பட்டதும் ஒரு முழம் உயரத்துக்குச் சுவாலை எழும்பியது. தண்ணீரைப் பாய்ச்சினார்கள். இவர் சொட்டுப் போகாமல் கட்டிய கூரை வழியாக அவ்வளவு தண்ணீரும் எங்களுடைய வீட்டுக்குள் ஊற்றியது. நாங்கள் புல்லில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர்களில் ஒருவர் வாசுகியிடம் எங்கே படுக்கிறனீ என்று கேட்டார். அறை ஈரம் என்று தானும் சின்னவளும் படுக்கும், முன் ஹோலில் இருந்த நீள வாங்கைக் காட்டினாள். கருகிய முகட்டுக்கு நேர் கீழே. இன்றிரவு காற்று அடித்திருந்தால், என்று தொடங்கி அவர் முடிக்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றிப் பிடரியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பரிசோதகர் நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறிக்கையில் என்ன எழுதினாரோ தெரியாது, ஆனால் உண்மையைத்தான் எழுதியிருப்பார். வெட்டிய கூரைக்குத் தார்ப்பாய் கட்டி நாங்கள் பின்னறையில் கிடக்க, ஒரு கிழமையில் சைட் ஒபிஸ் கடிதம் வந்தது. இருபத்தெட்டு நாள். அதை யாரும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைக்கவில்லை. மேசையில் திறந்தபடி கிடந்தது.

இவர் என்னைப் பேசவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், பேசினால் திருப்பிப் பேச எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. சனங்களிடம், "இவ மட்டும் அண்டைக்கு வாயைத் திறக்காட்டி நாங்கள் இண்டைக்கு இல்லை" என்று சொல்லத் தொடங்கினார். கோலியர்ஸ் வுட்டில் இவருடைய சித்தப்பா மகன் எங்களுக்கு மேல்மாடி அறையைத் தந்தார். அந்த வீட்டிலும் இதே கதை. கோயிலில் இதே கதை. பெடியளின் பிறந்தநாள் விழாவில்கூட இதே கதை. நான் துணிச்சல்காரி ஆகிவிட்டேன்.

8

கோலியர்ஸ் வுட்டுக்குப் போன அன்று சாமான்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிவிட்டு, இவரும் நானும் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தோம். பிள்ளைகள் முன்னால். வான் ஓடத் தொடங்கியதும் இவர் என்னைப் பாராமலே சொன்னார்.

"அண்டிரவு நான் மூண்டு தரம் எழும்பிப் போய் முகட்டில கை வைச்சுப் பார்த்தனான்."

நான் சரிந்த பெட்டியொன்றை நிமிர்த்தி வைத்தேன்.

"முதல் தரம் இளஞ்சூடு. அடுப்பின்ர சூடாக்கும் எண்டு நினைச்சன். மூண்டாந் தரம் கூடிப்போச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாசுகி கீழ படுத்திருக்கிறா. எழுப்புவமோ எண்டு நிண்டன். எழுப்பினால் எல்லாம் கழட்டோணும், விடிய அவன் வந்திடுவான், வீடு போயிடும் எண்டு..." நிறுத்தினார். "நீர் அந்நேரம் முழிச்சு என்னெண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன். நீர் நல்ல நித்திரை."

தலையைக் குனிந்து அழுதார். பதினாறு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. முதுகைத் தடவிவிட்டேன். "பறவாயில்லை, விடுங்கோ, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றேன்.

தங்கச்சி, நீ கேட்டதற்கு இவ்வளவும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன்.

நான் நித்திரையில்லை. அவர் மூன்று தரம் எழும்பியதும் எனக்குத் தெரியும். கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. மூன்றாம் தரம் அவர் கதிரையில் இருந்து இறங்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதும் தெரியும். கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்து, சின்னவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். இருமலுக்காக நான் அவளை என் பக்கத்தில் போடவில்லை. அவளைத் தூக்கினேன், பெரியவளை அந்த முகட்டின் கீழேயே விட்டேன். இரண்டு பிள்ளைகளையும் தூக்கினால், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒருத்தியை விட்டேன்.

எட்டு வருடமாக எல்லோரும் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

இவர் இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை வாசிக்கிறவர். வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். வாசுகி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நாங்கள் படிப்பிக்கவில்லை. அவளுக்கு நான்தான் வாயால் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாள்.